அரசு மானியத் திறன் பயிற்சி: நிறுவனங்களைத் தேர்ந்து ஒப்பந்தம் செய்வது முதல் தரத்தை உறுதிசெய்வது வரை

படித்து முடித்தும் வேலைக்கேற்ற கைத்திறன் இல்லாத இளைஞர்களுக்கு அரசு தன் செலவில் தொழிற்பயிற்சி அளிக்கிறது. ஆனால் குறுகிய காலப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றை அரசே நடத்துவதில்லை. தனியார் நிறுவனங்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் அவற்றை விலை கொடுத்து வாங்குகிறது. பணம் கொடுக்கும் அரசு வகுப்பறையில் உட்காருவதில்லை. வகுப்பறையில் உட்காரும் இளைஞர் பணம் கொடுப்பதில்லை. ஆகவே பயிற்சி மோசமாக இருந்தால் கடைக்காரரை மாற்றும் வாய்ப்பு இருவருக்குமே எளிதில் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது ஒப்பந்தமும் தரக் கண்காணிப்பும்தான். மாநிலத் திறன் மேம்பாட்டுக் கழகங்களிலும் மாவட்ட அலுவலகங்களிலும் இந்த வேலையைச் செய்பவர்களுக்காகவும், இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திட எண்ணும் பயிற்சி நிறுவனங்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

இந்தியாவின் அமைப்பையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் 2008-இல் அரசு, தனியார் கூட்டு நிறுவனமாகத் தொடங்கப்பட்டது. ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2014 செப்டம்பரில் தீன்தயாள் உபாத்யாய கிராமீண் கௌஷல்ய யோஜனாவைத் தொடங்கியது. திறன் மேம்பாட்டுக்கெனத் தனி அமைச்சகம் அமைந்த பின், 2015 ஜூலை 15 அன்று பிரதமர் கௌஷல் விகாஸ் யோஜனா நடைமுறைக்கு வந்தது. சுருக்கமாக, ஊரகத் திட்டம் என்றும் கௌஷல் விகாஸ் என்றும் இவற்றைக் குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டில் இந்தப் பணி தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியாக நடைபெறுகிறது.

படிகளுக்குள் செல்லும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பணம் தருபவர், பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் வழங்குபவர், பயிற்சி நடத்துபவர், தேர்வு வைத்து மதிப்பிடுபவர் என நான்கு பாத்திரங்கள் இதில் உள்ளன. இந்த நால்வரில் எவரேனும் இருவர் ஒரே கையில் அடங்கிவிட்டால், பிறகு எத்தனை கேமராக்களை மாட்டினாலும் பயன் குறைவு.

முதல் படி: எதை வாங்குகிறோம் என்று வரையறுத்தல்

"ஆயிரம் பேருக்குப் பயிற்சி" என்பது இலக்கு ஆகாது. எந்த வேலைக்கு, எந்த மாவட்டத்தில், எத்தனை மணி நேரம், முடிவில் அவர் தனியாக எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பவைதான் வாங்கும் பொருளின் விவரங்கள். 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் ஒவ்வொரு பணிப்பாத்திரத்துக்கும் ஒரு நிலை குறிக்கப்பட்டுள்ளது. அந்தத் தகுதியை ஒட்டியே டெண்டரை எழுத வேண்டும். ஆயினும் தகுதிப் பட்டியலில் இருப்பதாலேயே ஒரு பயிற்சி உள்ளூரில் தேவைப்படுகிறது என்று பொருளில்லை. திருப்பூரில் தையல் இயந்திர இயக்குநர் பயிற்சிக்கு ஆலைகள் காத்திருக்கலாம்; அதே பயிற்சியைப் பின்னலாடைத் தொழில் இல்லாத மாவட்டத்தில் வாங்கினால், முடித்தவர்கள் விடுதியில் தங்கி வேலை பார்க்கச் சம்மதிப்பார்களா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பயிற்சி முடிப்பவர்களை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களிடம், எத்தனை பேரை, என்ன சம்பளத்தில் என்று எழுத்தில் வாங்கிய பிறகே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது நல்லது.

இரண்டாம் படி: விலை நிர்ணயம்

மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களுக்காக 2015-இல் வெளியான பொது விதிமுறைகள், ஒரு பயிலுநருக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று விலையை நிர்ணயித்தன. கனரக இயந்திரங்கள் தேவைப்படும் முதல் வகைக்கு 38.50 ரூபாய், இரண்டாம் வகைக்கு 33 ரூபாய், கருவிகள் அதிகம் வேண்டாத மூன்றாம் வகைக்கு 27.50 ரூபாய் என்பது தொடக்க விகிதம்; பின்னர் அது உயர்த்தப்பட்டது. வடகிழக்கு, மலை மாநிலங்கள், இடதுசாரித் தீவிரவாதம் பாதித்த பகுதிகள் போன்றவற்றுக்குக் கூடுதலாக 10 சதவீதம் உண்டு.

ஒரே விலை என்பதால் பேரத்துக்கும் ஊழலுக்கும் இடம் குறைகிறது. அது உண்மையான நன்மை. ஆனால் எந்த வகையில் விலைக்கும் செலவுக்கும் இடையிலான லாபம் அதிகமோ அந்த வகைப் பயிற்சியை நோக்கியே நிறுவனங்கள் திரளும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2009 முதல் மானியப் பயிற்சிச் சந்தையைத் திறந்துவிட்டபோது உடற்பயிற்சிப் பயிற்றுநர் படிப்புகளில் சேர்க்கை வேலைவாய்ப்புக்குத் தொடர்பில்லாத அளவுக்குப் பெருகியது. 2012-இல் அத்தகைய படிப்புகளுக்கான மானியத்தை அரசு கடுமையாகக் குறைக்க வேண்டியதாயிற்று. எனவே விலையை நிர்ணயிக்கும்போதே ஒவ்வொரு பணிப்பாத்திரத்துக்கும் மாவட்டவாரியாக உச்சவரம்பு வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தல்

இங்கிலாந்தில் 2000 செப்டம்பரில் தனிநபர் கற்றல் கணக்குத் திட்டம் தொடங்கியது. பதிவு செய்துகொண்ட எவரும் பயிற்சி வழங்கலாம் என்ற அளவுக்கு வாசல் அகலமாக இருந்தது. மோசடிப் புகார்கள் குவிந்து, 2001 நவம்பரிலேயே திட்டம் மூடப்பட்டது. வாசலில் செய்யாத சோதனையை உள்ளே வந்த பிறகு செய்ய இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தகுதிச் சோதனையில் நிறுவனத்தின் மூன்றாண்டு வரவு செலவு, முந்தைய ஒப்பந்தங்கள், கருப்புப் பட்டியலில் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வழக்கமாகக் கேட்கப்படுகின்றன. இவை தேவையே, ஆனால் இவை நிறுவனத்தின் பணபலத்தைக் காட்டுமே தவிர, கற்பிக்கும் திறனைக் காட்டா. முந்தைய அரசுத் திட்டத்தில் பயிற்சி முடித்தவர்களில் சிலரை அலுவலர் தாமே தேர்ந்தெடுத்துத் தொலைபேசியில் பேசினால், அலுவலகத்தில் காட்டப்படும் விளக்கப்படங்களைவிட அதிகம் தெரியவரும்.

மையத்தை நேரில் ஆய்வு செய்வது அடுத்தது. கௌஷல் விகாஸ் இரண்டாம் கட்டத்தில் மையங்கள் இணையவழியில் தங்கள் வசதிகளைத் தாமே அறிவிக்க, அதன்பின் கள ஆய்வு நடந்து, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரத் தரமும் வழங்கப்பட்டது. கட்டிடப் பரப்பும் கழிப்பறைகளும் எண்ணப்பட்டன. ஆனால் பயிற்சிக் கூடத்தை அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் பார்க்க வேண்டும். தையல் கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஆலையில் இருப்பது மோட்டார் பொருத்திய அதிவேக இயந்திரங்கள், ஓவர்லாக், பிளாட்லாக். கூடத்தில் இருப்பது வீட்டுத் தையல் இயந்திரங்கள் என்றால், எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அது ஆலை வேலைக்கான கூடம் அல்ல. இயந்திரங்களின் வரிசை எண்களைக் குறித்து வைத்துக்கொள்வது மிகவும் அவசியம், ஏனெனில் ஆய்வு நாளில் வாடகைக்குக் கொண்டுவந்து மறுநாள் அடுத்த மையத்துக்கு அனுப்பும் வழக்கம் இந்த வட்டாரங்களில் புதிதல்ல. மின் இணைப்பு எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பில் முப்பது மோட்டார்கள் ஓடா.

நான்காம் படி: பணம் எப்போது நகர்கிறது என்பதை எழுதுதல்

ஒப்பந்தத்தின் உயிர்நாடி இதுவே. உள்குத்தகைத் தடை, வங்கி உத்தரவாதம், தரவுப் பாதுகாப்பு, ஆவணங்களைப் பாதுகாக்கும் காலம், பயிலுநரிடம் எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது என்பது ஆகிய ஷரத்துகள் எல்லா ஒப்பந்தங்களிலும் உள்ளன. அவற்றைவிட நிறுவனத்தின் நடத்தையைத் தீர்மானிப்பது தவணை அட்டவணை. எதற்குப் பணம் கிடைக்கிறதோ அதையே நிறுவனம் உற்பத்தி செய்யும்.

ஆஸ்திரேலியாவின் தொழிற்கல்விக் கடன் திட்டத்தில் சேர்க்கை உறுதியானவுடன் முழுத்தொகையும் நிறுவனத்துக்குச் சென்றது. தரகர்கள் வீடு வீடாகச் சென்று மடிக்கணினியைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். 2009-இல் சுமார் 2.6 கோடி ஆஸ்திரேலிய டாலராக இருந்த கடன் தொகை 2015-இல் சுமார் 290 கோடி டாலரைத் தொட்டது. படிப்பை முடிக்காதவர்கள் கடனாளிகளாகத் தங்கினர். 2016 இறுதியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இந்தியப் பொது விதிமுறைகள் இதற்கு மாறாக, பேட்ச் தொடங்கும்போது 30 சதவீதம், சான்றிதழ் பெற்ற பின் 50 சதவீதம், வேலையில் அமர்ந்த பின் 20 சதவீதம் என்று பிரித்தன. ஊரகத் திட்டத்தில் 25, 50, 15, 10 சதவீதம் என நான்கு தவணைகள் வைக்கப்பட்டன. பொது விதிமுறைகளின் வேலைவாய்ப்புத் தவணையைப் பொறுத்தவரை, சான்றிதழ் பெற்றவர்களில் 70 சதவீதமும் அதற்கு மேலும் அமர்ந்தால் முழுத்தொகை, 50 முதல் 69 சதவீதம் வரை விகிதப்படி, 50-க்குக் கீழே போனால் ஒன்றுமில்லை என்பது அவற்றில் எழுதப்பட்ட விதி.

இந்த விதி காகிதத்தில் நியாயமாகத் தெரிகிறது. ஒரு பேட்சை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். எளிமைக்காக மணிக்கு 40 ரூபாய், 400 மணி நேரம், 30 பேர் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு 16,000 ரூபாய், மொத்தம் 4,80,000. தொடங்கும்போது 1,44,000 ரூபாய் வருகிறது. 24 பேர் சான்றிதழ் பெறுகிறார்கள் என்றால் இரண்டாம் தவணை 1,92,000. மூன்றாம் தவணை ஒருவருக்கு 3,200 வீதம் அதிகபட்சம் 76,800. இப்போது 17 பேர் வேலையில் அமர்ந்தால் 70 சதவீதத்தைத் தாண்டிவிடுவதால் முழு 76,800-உம் கிடைக்கும். 16 பேர் என்றால் தலைக்கு 3,200 வீதம் 51,200 மட்டுமே. அந்தப் பதினேழாவது நபரின் பணி நியமனக் கடிதத்தின் மதிப்பு 25,600 ரூபாய். இன்னும் கீழே வாருங்கள்: 12 பேர் அமர்ந்தால் 38,400, 11 பேர் என்றால் பூஜ்யம். பன்னிரண்டாவது நபரின் கடிதத்தின் மதிப்பு 38,400 ரூபாய்.

ஒரே ஒரு கடிதத்துக்கு இவ்வளவு விலை வைத்துவிட்டு, அது போலியாக வராது என்று எதிர்பார்ப்பது சரியல்ல. அதோடு, பேட்சில் ஏழு பேர் மட்டுமே அமரக்கூடும் என்று தெரிந்த கணத்தில், அந்த ஏழு பேருக்கும் உழைப்பதை நிறுவனம் நிறுத்திவிடும். எப்படியும் பணம் இல்லையே. ஆகவே என் பரிந்துரை, இந்தச் செங்குத்துப் படிகளை நீக்கி, வேலையில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பணம் தருவது, அதையும் சேர்ந்த நாளில் ஒரு பகுதி, மூன்று மாதம் நிலைத்த பின் மறுபகுதி என்று பிரிப்பது. 2021-இல் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் தனியார் அறக்கட்டளைகளுடன் சேர்ந்து அறிவித்த திறன் விளைவுப் பத்திரத்தில் (விளைவு கிடைத்தால் மட்டுமே பணம் தரும் ஏற்பாடு இது), சேர்க்கை, சான்றிதழ், வேலை, மூன்று மாத நிலைப்பு ஆகியவை விளைவுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்தத் திசை சரியானது.

முதல் தவணையை மிகக் குறைத்துவிடும் ஆசையும் வேண்டாம். வாடகை, பயிற்றுநர் சம்பளம், மூலப்பொருள் எல்லாம் முதல் நாளிலிருந்தே செலவாகின்றன. முன்பணம் இல்லாத ஒப்பந்தத்தில் பெரிய முதலீட்டாளர்கள் மட்டுமே நிற்பார்கள். உள்ளூரில் நன்றாகக் கற்பிக்கும் சிறு அமைப்புகள் வெளியேறிவிடும். அரசுத் தரப்புத் தாமதமும் இதே விளைவைத் தருகிறது. பில் சமர்ப்பித்த எத்தனை நாட்களுக்குள் பணம் தரப்படும், தாமதித்தால் வட்டி எவ்வளவு என்று அரசு தன்னையும் ஒப்பந்தத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். தன் கடமையைச் செய்யாத தரப்பால் மறுதரப்பைக் கண்டிப்புடன் நடத்த முடியாது.

ஐந்தாம் படி: சேர்க்கை

ஆதார் சரிபார்ப்பு, ஒரே நபர் இரு திட்டங்களில் பதிவாகாமல் தடுத்தல், வயது மற்றும் கல்வித் தகுதி ஆகியவை கணினியில் நடக்கும். கணினியால் நடக்காதது ஆலோசனை. வேலை எங்கே, சம்பளம் என்ன, விடுதி உண்டா, இரவுப் பணி உண்டா என்பதைப் பெற்றோர் முன்னிலையில் சொல்லிக் கையொப்பம் வாங்கினால், பிற்பாடு நேரும் இடைநிற்றலில் பெரும்பகுதி குறையும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: வேலைவாய்ப்புக்குப் பணம் என்றவுடன் எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களை மட்டும் சேர்க்கும் போக்கு வரும். மாற்றுத்திறனாளிகளுக்கும் கைக்குழந்தையுடன் வரும் பெண்களுக்கும் தனி விகிதமும் தனி எண்ணிக்கையும் வைக்காவிட்டால், அவர்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போவார்கள்.

ஆறாம் படி: பயிற்சி நடக்கும்போது கண்காணித்தல்

ஆதார் வழி பயோமெட்ரிக் வருகைப்பதிவு, புவிக்குறியிட்ட படங்கள், கேமரா, தொலைபேசிச் சரிபார்ப்பு, முன்னறிவிப்பற்ற ஆய்வு ஆகியவை இந்தியத் திட்டங்களின் கருவிகள். ஊரகத் திட்டத்தின் செயல்முறை விதிகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஒவ்வொரு நிறுவனமும் பயிற்சியை நடத்தும் குழுவிலிருந்து வேறுபட்ட தரக் குழுவைத் தனக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்றன. தவறுகளின் தன்மைக்கேற்ப வகைப்பாடும் உண்டு. நிறுவனத்தின் அறிக்கையை மாநில ஊரக வாழ்வாதார இயக்கமும், அதற்கு மேல் மத்தியத் தொழில்நுட்ப ஆதரவு முகமைகளும் சரிபார்க்கும். எழுதப்பட்ட விதிகளில் நான் கண்டவற்றுள் இதுவே மிக விரிவானது.

ஆனால் வருகைப்பதிவு, ஆள் வந்தாரா என்பதை மட்டுமே சொல்லும். கற்றாரா என்பதைச் சொல்லாது. அதற்கு மூலப்பொருளைப் பார்க்க வேண்டும். முப்பது பேர் பல வாரங்கள் தைத்திருந்தால் வெட்டுத்துணி குவிந்திருக்கும், நூல் கோன்களுக்குப் பில் இருக்கும், ஊசிகள் உடைந்திருக்கும், மின்கட்டணம் ஏறியிருக்கும். வெல்டிங் கூடமாக இருந்தால் எரிந்த எலக்ட்ரோடு முனைகளும் பற்றவைத்துப் பழகிய இரும்புத் துண்டுகளும் கிடக்கும். வருகைப்பதிவு தொண்ணூறு சதவீதம் காட்டும் மையத்தில் மின்கட்டணம் அசையவில்லை என்றால், கேட்க வேண்டிய கேள்வி கிடைத்துவிட்டது. ஆய்வுக்குச் செல்பவர் பயிற்றுநரிடம் பேசுவதற்கு முன், ஒரு பயிலுநரை அழைத்து, "இதைச் செய்து காட்டுங்கள்" என்று சொல்லிப் பார்ப்பது நல்லது.

ஆய்வு நாட்களை ஆபத்தின் அளவுக்கேற்பப் பங்கிட வேண்டும். எல்லா மையங்களுக்கும் சமமாகச் செல்வது நியாயம்போல் தோன்றினாலும், புதிதாக வந்தவை, திடீரென்று எண்ணிக்கையைப் பெருக்கியவை, தேர்ச்சி விகிதம் ஐயத்துக்கிடமாக உயர்ந்தவை ஆகியவற்றுக்கே அதிக நேரம் தேவை.

ஏழாம் படி: மதிப்பீடு

பாதித் தொகை சான்றிதழில் தொங்குவதால், தேர்வுதான் மிகப் பெரிய அழுத்தத்துக்கு உள்ளாகும் இடம். மதிப்பீட்டுக் கட்டணம் பொது விதிமுறைகளில் ஒருவருக்கு 600 முதல் 1,500 ரூபாய் வரை என வைக்கப்பட்டது. மதிப்பீட்டாளரைப் பயிற்சி நிறுவனம் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவருக்குப் போக்குவரத்து, உணவு, தங்குமிடம் எதையும் நிறுவனம் அளிக்கக் கூடாது. அடுத்தடுத்த பேட்சுகளுக்கு அதே மதிப்பீட்டாளர் அதே மையத்துக்குச் செல்லக் கூடாது. செய்முறைத் தேர்வைக் காணொளியாகப் பதிந்து, சிலவற்றை வேறொருவர் மீண்டும் மதிப்பிட்டு மதிப்பெண்ணை ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு தொழில்துறைக்கும் பணித் தரத்தை வகுத்துச் சான்றிதழ் வழங்கும் துறைத் திறன் கவுன்சில்களின் செயல்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட சாரதா பிரசாத் குழு, 2016-இல் அளித்த அறிக்கையில் இந்த அமைப்பிலுள்ள நலமுரணைக் கடுமையாகச் சுட்டியது. அதன் பின்னர் 2018 டிசம்பரில் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் கவுன்சில் அறிவிக்கப்பட்டு, 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. சான்றிதழ் வழங்கும் அமைப்புகளையும் மதிப்பீட்டு முகமைகளையும் அங்கீகரிப்பதும் ஒழுங்குபடுத்துவதும் அதன் பணி. பணம் பிரித்துக் கொடுக்கும் கையிலிருந்து ஒழுங்குமுறையைப் பிரித்தது காலம் கடந்த முடிவென்றாலும் தேவையான முடிவே.

எட்டாம் படி: வேலைவாய்ப்பைச் சரிபார்த்தல்

கௌஷல் விகாஸின் முதல் மூன்று கட்டங்களில் குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் வேலையில் அமர்ந்ததாகப் பதிவானவர்கள் சுமார் 43 சதவீதம். 70 சதவீத இலக்குக்கு இது வெகுதூரம் என்பது ஒருபுறமிருக்க, பதிவானவற்றை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியும் உண்டு. இத்திட்டம் குறித்து 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யங்களும் திரும்பத் திரும்ப வரும் ஒரே இலக்கமும் நிரப்பப்பட்டிருந்ததையும், பலருக்கு ஒரே புகைப்படம் இணைக்கப்பட்டிருந்ததையும் சுட்டிக்காட்டியது.

இதிலிருந்து எடுக்க வேண்டிய நடவடிக்கை எளிது. பணி நியமனக் கடிதத்தை ஆதாரமாக ஏற்பதை நிறுத்த வேண்டும். அதை எவரும் அச்சடிக்கலாம். வருங்கால வைப்பு நிதி எண்ணிலும் ஈ.எஸ்.ஐ. பதிவிலும் முதலாளி செலுத்திய தொகை தெரிகிறதா, வங்கிக் கணக்கில் மூன்று மாதச் சம்பளம் ஏறியிருக்கிறதா என்பதைப் பயிலுநரின் ஒப்புதலோடு நேரடியாகப் பார்க்க வேண்டும். சிறு கடைகளிலும் சுயதொழிலிலும் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவுகள் கிடைக்கா; அவர்களுக்கு நேரில் சென்று பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை, அந்தச் செலவைத் திட்ட மதிப்பீட்டிலேயே ஒதுக்க வேண்டும். கணக்கு எண் தவறாக இருந்தால் பதிவே சேமிக்கப்படாதபடி மென்பொருளை அமைப்பது மிகச் சிறிய வேலை. அது செய்யப்படாமல் இருந்ததை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

ஒன்பதாம் படி: தவறு தெரிந்த பின்

எச்சரிக்கை, அபராதம், புதிய பேட்சுக்குத் தடை, பணத்தைத் திரும்பப் பெறுதல், கருப்புப் பட்டியல் என்ற ஏணி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எந்தத் தவறு, எத்தனை நாட்களுக்குள் விளக்கம், யாரிடம் மேல்முறையீடு என்பது தெளிவாக இல்லாவிட்டால், நீதிமன்றத்தில் முதல் விசாரணையிலேயே உத்தரவு நிறுத்திவைக்கப்படும். கருப்புப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரோடு இயக்குநர்களின் விவரங்களும் இடம்பெற வேண்டும். இல்லையேல் புதிய பெயர்ப்பலகையோடு அதே மனிதர்கள் அடுத்த டெண்டருக்கு வருவார்கள். ஒரு மாநிலம் நீக்கிய நிறுவனத்தை மற்ற மாநிலங்கள் அறியும்படி பட்டியல் பொதுவெளியில் இருக்க வேண்டும். மையவாரியான தேர்ச்சி, வேலைவாய்ப்பு, சராசரிச் சம்பளம் ஆகியவற்றையும் அதே தளத்தில் வெளியிட்டால், சேர வரும் இளைஞரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

மையத்தை மூடும் உத்தரவில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது, அன்று அங்கே பாதிப் பயிற்சியில் இருக்கும் முப்பது பேர். அவர்களை எத்தனை நாட்களுக்குள், எந்த மையத்துக்கு மாற்றுவது, முடித்த மணி நேரங்கள் கணக்கில் கொள்ளப்படுமா, கூடுதல் பேருந்துச் செலவை யார் ஏற்பது என்பவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பாக முதல் நாளிலேயே எழுதிவிட வேண்டும். அந்தச் செலவை மூடப்பட்ட நிறுவனத்தின் வங்கி உத்தரவாதத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஷரத்தையும் அதிலேயே சேர்த்துவிட வேண்டும்.